எழுதிக் கொடுப்பதற்கு முன்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போனால் உப்புவெளிக்கு அப்பால் சாம்பல்தீவு வரும். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இடையில் தென்னையும் வேலியுமாக வளவுகள். இந்தக் கரையோரத்தில் உல்லாசப் பயண விடுதிகள் பெருகிய பிறகு இங்குள்ள ஒரு வளவின் பெறுமதி, அதை உழைத்து வாங்கிய தலைமுறை நினைத்தும் பார்த்திராத அளவுக்கு ஏறிவிட்டது. காணிக்குப் பெறுமதி வந்தால் பேச்சும் வரும். தாய் தகப்பன் நடமாடித் திரியும் நாளிலேயே "வீட்டை ஆருக்கு எழுதப் போறீங்க?" என்று பிள்ளைகளும் மருமக்களும் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கேட்பதில் பிழையில்லை. அவசரப்பட்டுச் சொல்லப்படும் பதிலில்தான் பிழை நேர்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பெற்றோரின் தலைக்கு மேல் உள்ள கூரை அவர்களின் கடைசி மூச்சுவரை அவர்களுடையதாகவே இருக்கும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன், கையில் இருப்பது எந்த வகைப் பத்திரம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் வாரிசு முறை வேறு.

பைக்குள் இருப்பது என்ன?

போர்க்காலத்தில் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பல, ஒரு தடவையல்ல, பல தடவை வீட்டை விட்டு ஓடியவை. ஓடும்போது உறுதிப் பையை மட்டும் மறக்காமல் எடுத்தவர்கள் நிறையப் பேர். அந்தப் பொலித்தீன் பையைத் திறந்தால் பெரும்பாலும் மூன்று வகைக் கடதாசிகள் இருக்கும்: நொத்தாரிசு எழுதிய உறுதி, அரச காணிக்கான அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம், வெறும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்த உடன்படிக்கை.

மூன்றாவதிலிருந்து தொடங்குவோம். அதனால் காணி கைமாறாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியை விற்பதும் கொடுப்பதும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் கையெழுத்து வைத்திருந்தாலும் வெள்ளைத் தாள் உறுதியாகிவிடாது. அப்படி வாங்கிய காணியில் குடியிருப்பவர்கள், விற்றவர் உயிரோடு இருக்கும்போதே அவரை அழைத்துப் போய் முறையான உறுதி முடித்துக்கொள்வது நல்லது. அவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் அத்தனை பேரையும் தேடிப் பிடிக்க வேண்டிவரும்.

உறுதி தொலைந்துவிட்டதென்றால் மனம் தளர வேண்டாம். நொத்தாரிசு தான் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். உறுதியின் இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஆண்டு ஆகியவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தாலும் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் தேடி உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் எல்லையாக உங்கள் தகப்பனாரின் பெயர் இருக்கும். அதுவும் தேடலுக்கு உதவும்.

இனி, அதிகம் சிக்கல் தரும் வகை. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரமும் அளிப்பும். இந்தக் காணிகளைப் பலர் சொந்தக் காணி போலவே எண்ணுகிறார்கள். கிணறு வெட்டி, கல்வீடு கட்டி, மூன்று தலைமுறை வாழ்ந்த மண்ணை வேறெப்படி எண்ணுவது? ஆனால் சட்டம் அப்படி எண்ணவில்லை. இந்தக் காணியை மரண சாதனத்தில் யாருக்கு எழுதினாலும் அது செல்லாது. பொதுவான வாரிசுச் சட்டமும் இதற்குப் பொருந்தாது. உரித்தாளர் தன் வாழ்நாளில் ஒரு பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்க வேண்டும். அதுவும் வாழ்க்கைத் துணையாகவோ சட்டத்தின் அட்டவணையில் சொல்லப்பட்ட உறவினராகவோ இருக்க வேண்டும். அந்தப் பெயர் குறிப்பு, குறித்தவர் இறப்பதற்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும். தகப்பன் படுக்கையில் கிடக்கும்போது கைநாட்டு வாங்கி, அவர் போனபின் பதியக் கொண்டுபோவதில் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளர், உரித்தாளர் இறந்து 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்காவிட்டால் அந்த உரிமை தவறிப் போகும். கட்டாரிலோ கனடாவிலோ இருக்கும் மகனின் பெயரைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் பெயரும் குறிக்கப்படவில்லை என்றால்? நெடுங்காலமாக அந்த அட்டவணை ஆண்மக்களை முன்னே வைத்து, பெண்மக்களைப் பின்னே தள்ளியது. தாயோடு இருந்து, மருந்து கொடுத்து, வளவைப் பார்த்த மகளைத் தாண்டி, எங்கோ இருந்த அண்ணனுக்குக் காணி போனது. கிழக்குக் கரையில் வீடு மகளுக்கே போகும் வழக்கத்துக்கு இதைவிட முரணான சட்டம் இருக்க முடியாது. பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகள் கேட்டதன் பின், 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. காலம் தாழ்ந்து வந்தாலும் நியாயமான திருத்தம். ஆனாலும் பெயர் குறிக்காமல் விட்டு, சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றிருக்க வேண்டாம்.

எழுதாமல் இறந்தால்

தனியார் உறுதிக் காணிக்கு மரண சாதனம் இல்லாவிட்டால் சட்டமே பங்கு பிரிக்கும். எந்தச் சட்டம் என்பதுதான் முதல் கேள்வி. தமிழர் என்பதால் மட்டும் ஒருவருக்குத் தேசவழமை பொருந்தாது. அது வடமாகாணத்தைப் பூர்வீக வதிவிடமாகக் கொண்ட தமிழருக்கு உரியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திருகோணமலையில் வேர்விட்ட குடும்பங்களில் இது ஒரு வழக்காகவே மாறக்கூடும். தேசவழமை பொருந்துமென்றால் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பிரிவுகள் வரும். மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்குக்கூட, 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டப்படி இஸ்லாமிய வாரிசு முறை. மற்றவர்களுக்கு 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம்.

1876 ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு 40 பேர்ச் வளவை வைத்துப் பார்ப்போம். தகப்பன் பெயரில் வளவு. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர் எழுதாமல் இறந்தால் மனைவிக்குப் பாதி, அதாவது 20 பேர்ச். மீதிப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. ஆண் பெண் பேதமில்லை. ஒரு பிள்ளை முன்பே இறந்திருந்தால் அவரின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு. பிள்ளைகளே இல்லாத தம்பதி என்றால் மனைவிக்குப் பாதிதான். மற்றப் பாதி இறந்தவரின் பெற்றோருக்கு, அவர்கள் இல்லாவிட்டால் சகோதரங்களுக்கு. பிள்ளையில்லாத விதவைகள் பலர் இதை அறியாமல், கொழுந்தன்மார் பங்கு கேட்டு வரும் நாளில்தான் அதிர்ந்துபோகிறார்கள். இரண்டு வரி மரண சாதனம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும்.

கணக்கு எளிது. நிலத்தில்தான் சிக்கல். யாருடைய பங்கு எந்த மூலையில் என்று சட்டம் சொல்வதில்லை. முழு வளவும் எல்லாருக்கும் பிரிபடாத பங்காகக் கிடக்கும். ஒரு மகள் பிரான்சில், ஒரு மகன் திருகோணமலை நகரில், இளையவள் வீட்டில். வீட்டுக்கு மலசலகூடம் கட்டக் கடன் எடுப்பதற்கும் எல்லார் கையெழுத்தும் வேண்டும். அடுத்த தலைமுறையில் பங்குகாரர் பதினைந்து பேராகிவிடுவார்கள். அதன் பின் மிஞ்சுவது 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு. அந்த வழக்குகள் தகப்பனார் தொடங்கி மகன் முடிக்கும் வழக்குகள். பெற்றோர் இருக்கும்போதே நில அளவையாளரை அழைத்து, துண்டு பிரித்து, வரைபடம் கீறி எழுதுவதற்கு ஆகும் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

போர்க்காலத்தில் கோயிலிலோ முகாமிலோ தாலி கட்டிப் பதியாமல் விட்ட திருமணங்கள் இந்தப் பகுதியில் உண்டு. பதியாத திருமணத்தையும் நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். ஆனால் சாட்சி சொல்லக்கூடியவர்களும் முதுமையடைகிறார்கள். இருவரும் உயிரோடு இருந்தால் இன்றே பதிவது மேல்.

சீதன வீடும் பின்பக்கக் கொட்டிலும்

கிழக்கிலங்கைத் தமிழர் வழக்கில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு. மருமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயும் பட்ரீசியா லோரன்ஸும், 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பின் கிழக்குக் கரையில் வீடிழந்த குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தபோது அவற்றை மகள்மாரின் சீதனமாகவே பெற்றோர் கணக்கிட்டதை எழுதியிருக்கிறார்கள். நிர்வாகமோ குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரைத் தேடியது. பெண்வழி வந்த வீட்டு உரிமை பல இடங்களில் அப்படிக் கைமாறிப் போனது.

இந்த வழக்கத்தில் ஓர் அழகு இருக்கிறது: பெண்ணுக்குச் சொந்தக் கூரை. ஓர் ஆபத்தும் இருக்கிறது: கூரையைக் கொடுத்த தாய்க்கு மிஞ்சுவது என்ன? மூத்தவளுக்கு முன்வீடு எழுதியாகிவிட்டது. இளையவளுக்குப் பக்கத்துத் துண்டு. தாய் தகப்பன் பின்பக்கத்தில் தகரக் கொட்டிலில். பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தால் அது குறையே அல்ல. ஒரே வளவில் பேரப்பிள்ளைகளோடு வாழ்வதைவிடப் பெரிய பாக்கியம் என்ன? ஆனால் மகள் இறந்துவிட்டால், மருமகன் மறுமணம் செய்தால், கடனுக்கு வீடு போனால், அந்தக் கொட்டிலில் இருக்க எந்தக் கடதாசியும் அவர்களுக்கு உரிமை தராது.

அதற்கான மருந்து உறுதியிலேயே இருக்கிறது. நன்கொடை உறுதி எழுதும்போது சீவிய உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதலாம். அப்படி எழுதினால் காணியின் உரிமை பிள்ளைக்குப் போகும். ஆனால் அதில் குடியிருக்கவும், தேங்காய் பறிக்கவும், வாடகை வாங்கவும் சாகும்வரை பெற்றோருக்கே உரிமை. பிள்ளை விற்றாலும், வாங்கியவர் அந்த உரித்துக்கு உட்பட்டே வாங்குகிறார். பெற்றோரை வெளியே போ என்று அவரும் சொல்ல முடியாது.

அந்த வாசகத்தைச் சொல் சொல்லாக வாசிக்க வேண்டும். "எனது சீவிய உரித்து" என்று தகப்பன் பெயரில் மட்டும் எழுதப்பட்டால், தகப்பன் இறந்த அன்றே அது முடிந்துவிடும்; தாய் நடுத்தெருவில். "எங்கள் இருவருக்கும், இருவரில் பிந்தி வாழ்பவரின் சீவிய காலம் வரைக்கும்" என்று இருக்க வேண்டும். நொத்தாரிசு வேகமாக வாசித்துக்கொண்டு போனால் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மூக்குக் கண்ணாடியை மறந்து வந்திருந்தால் கையெழுத்தை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சீவிய உரித்து உள்ள காணியை ஈடு வாங்க வங்கிகள் தயங்கும். அதனால் சில வருடங்களில் "அம்மா, அந்த உரித்தை நீக்கித் தாங்க, லோன் எடுக்கணும்" என்று பிள்ளைகள் கேட்கலாம். பிள்ளைக்கு உதவ நினைப்பது தாயின் இயல்பு. ஆனால் இந்த ஒரு விடயத்தில் மறுப்பதுதான் இருவருக்கும் நன்மை என்பது இந்நூலின் கருத்து. கடன் தவணை தவறினால் ஏலத்துக்குப் போவது பிள்ளையின் எதிர்காலம் மட்டுமல்ல, தாயின் படுக்கையும்தான்.

எழுதிக் கொடுத்தபின் பிள்ளை கைவிட்டால் திருப்பி எடுக்கலாமா? பலர் எடுக்கலாம் என்றே நம்புகிறார்கள். முன்பு சிலர் நொத்தாரிசிடம் போய் ஒரு ரத்து உறுதி எழுதிவிட்டு வந்தார்கள். 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அந்த வழியை அடைத்தது. மீளப் பெறமுடியாததாக எழுதிய நன்கொடையை, பெற்றவரின் பெரும் நன்றிகேட்டைக் காட்டி, நீதிமன்றக் கட்டளையின் மூலம் மட்டுமே ரத்துச் செய்யலாம். எழுபத்தைந்து வயதில் பெற்ற பிள்ளைக்கு எதிராக மாவட்ட நீதிமன்றம் ஏறி நிற்க எத்தனை தாய்மாரால் முடியும்? அதனால்தான் பாதுகாப்பு முதலிலேயே உறுதிக்குள் இருக்க வேண்டும்.

கடலுக்கு அப்பால் நிலைமை கொஞ்சம் வேறு. இந்தியாவின் 2007 ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, பராமரிப்பார் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்துச் செய்ய வழிதருகிறது. நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 87 வயது மூதாட்டி ஒருவர் தன் ஒரே மகனுக்குச் சொத்தை எழுதிக் கொடுத்தார். மகன் இறந்தபின் மருமகள் கவனிக்கவில்லை என்று கோட்டாட்சியரிடம் முறையிட, அவர் அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்தார். பராமரிப்பு நிபந்தனை பத்திரத்தில் வெளிப்படையாக எழுதப்படாதபோதும், அன்பினால் கொடுத்தது என்பதிலேயே அது அடங்கியிருக்கிறது என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை உறுதிசெய்தது. இலங்கைப் பெற்றோருக்கு அந்தச் சட்டத்தின் துணை இல்லை. இங்கே உறுதியில் எழுதியதே காவல்.

மரண சாதனம்

எதையும் இப்போது கொடுக்க விரும்பாதவர்களுக்கு இதுவே சிறந்த வழி. சாகும்வரை சொத்து உங்களுடையது, மனம் மாறினால் வேறொன்று எழுதலாம். 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி 18 வயது நிறைந்த, சுயநினைவுள்ள எவரும் தன் சொத்தை விரும்பியவருக்கு எழுதலாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகள். பங்கு பெறப்போகும் பிள்ளையையோ அவருடைய கணவன் மனைவியையோ சாட்சியாக வைக்க வேண்டாம். எழுதியபின் திருமணம் செய்தால் பழைய சாதனம் ரத்தாகிவிடும்.

மற்ற உறுதிகளைப் போல மரண சாதனத்தின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போவதில்லை. ஆகவே மூலப் பிரதி எங்கே, எந்த நொத்தாரிசு எழுதினார் என்பதை நம்பிக்கையான ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். இறந்தபின் அதை வைத்திருப்பவர் தாமதிக்காமல் மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். "என் பேரப்பிள்ளைகள் காலம்வரை விற்கக்கூடாது" என்று தலைமுறைக்கும் பூட்டுப் போடும் வாசகங்களை எழுதச் சொல்லாதீர்கள். 1972 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்த முறை ஒழிந்துவிட்டது.

தூரத்தில் இருப்பவர்களும் காணாமற்போனவர்களும்

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்குக் காணி போகாது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. நெருங்கிய உறவினருக்கு வாரிசாகவோ நன்கொடையாகவோ மரண சாதனத்தாலோ போவதற்கும் விலக்கு உண்டு. இந்தப் பேச்சைக் காட்டி "உன் பங்கை எனக்கு எழுதித் தா" என்று கேட்கும் உறவினர்களை நம்பிவிட வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவரின் காணியை ஊரில் ஓர் உறவினர் பார்த்துக்கொண்டால், அவர் அனுமதியோடுதான் இருக்கிறார் என்பதற்கு ஓர் எழுத்து வேண்டும். எதிருரிமையோடு 10 ஆண்டு தடையின்றி ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்கிறது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம். போரினால் தங்கள் காணிக்குத் திரும்ப முடியாதவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலெடுக்காமல் விட 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2009 க்குப் பிந்திய வருடங்களுக்கு அந்தக் கவசம் இல்லை.

காணாமற்போனவரின் பெயரில் காணி இருந்தால் குடும்பத்துக்கு இரண்டு வழி. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இறப்புச் சான்றிதழ் பெறலாம். இறந்துவிட்டார் என்று எழுத மனம் ஒப்பாத தாய்க்கும் மனைவிக்கும், 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழைத் தந்தது. அதை வைத்துச் சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். எதைத் தெரிவது என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. ஓர் அலுவலரும் அவசரப்படுத்தக் கூடாது.

தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் பற்றி ஓர் எச்சரிக்கை. கொடுத்தவர் இறந்தவுடன் அது செத்த கடதாசி. கொடுத்தவருக்கு நினைவு தடுமாறிச் சுயபுத்தி இல்லாமற் போனாலும் அதை நம்பி உறுதி முடிக்க முடியாது. அந்த நிலையில் குடும்பம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், சொத்தைப் பார்க்க ஒருவரை நியமிக்கக் கேட்க வேண்டும். மறதி நோயின் முதல் அறிகுறி தெரியும்போதே, சுயநினைவு தெளிவாக இருக்கும் காலத்தில், வைத்தியரின் சான்றோடு எழுத வேண்டியதை எழுதி முடிப்பது எல்லாருக்கும் நிம்மதி.

கைவிடப்பட்டால்

சொத்தே இல்லாத முதியவருக்கும் உரிமை உண்டு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி 60 வயது நிறைந்தவர் முதியவர். பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக் கூடாது. தன்னைத் தானே பராமரிக்க இயலாத முதியவர், அந்தச் சட்டத்தில் அமைந்த பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்துப் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரலாம். தாய்மார் இதைச் செய்ய வெட்கப்படுகிறார்கள். பெற்ற பிள்ளைமேல் முறைப்பாடா என்று கண்ணீர் விடுகிறார்கள். மருந்து வாங்க வழியில்லாமல் கிடப்பதில்தான் வெட்கம் இருக்கிறது. அந்த வெட்கமும் அவர்களுடையதல்ல. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தரைச் சந்தித்தால் வழி சொல்வார். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சாம்பல்தீவில் அனுமதிப்பத்திரக் காணியிலோ அளிப்புக் காணியிலோ வாழ்பவர்கள் இந்த மாதமே பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு ஒருமுறை போய் வாருங்கள். மூலப் பத்திரமும் தேசிய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். பதிவு இல்லையென்றாலோ, பெயர் குறிக்கப்பட்டவர் இறந்தோ நாட்டைவிட்டுப் போயோ இருந்தாலோ, புதிய பெயரைக் குறிப்பதற்கான விண்ணப்பத்தை அங்கேயே கேட்டு வாங்குங்கள். பதிவு முடிந்ததும் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி உறுதிப் பையில் வையுங்கள்.